புதுப்பிப்பு: மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக வேட்புமனு – ஏற்கப்பட்டது

2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க, முன்மொழிபவர்களை எப்படித் திரட்டுவது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

மனுவை ஒரே தொகுப்பாக அளிக்காமல், வேறு பத்துப் பேர் முன்மொழியும் இரண்டாம் தொகுப்பையும் சேர்த்து அளிக்கும்படி ஒருவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கோ அதே தொகுதியின் வாக்காளர் பத்துப் பேர் வேண்டும். மார்ச் 28 பரிசீலனையின்போது, முதல் தொகுப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரின் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலுக்கு மாறியிருந்தது தெரியவந்து அது தள்ளுபடியானாலும், இரண்டாவது தொகுப்பு ஏற்கப்பட்டது. ஒரே தொகுதிக்கு நான்கு தொகுப்புகள் வரை அளிக்கலாம். வைப்புத்தொகை 25,000 ரூபாயை (பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 12,500) ஒருமுறை கட்டினால் போதும்.

தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை மனு அளிப்பதற்கு முந்தைய நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்ற குறிப்பும் மிகவும் பயன்பட்டது.

எதிர்பாராதது சின்னம். நான் முதலாவதாகக் கேட்டிருந்ததையே இன்னொரு சுயேச்சையும் கேட்டதால் குலுக்கல் நடந்து, அது அவருக்குப் போனது. ஆகவே சின்னம் ஒதுக்கப்படும் முன் துண்டறிக்கை அச்சிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாததால் வைப்புத்தொகை திரும்பவில்லை. தோற்றவர்களும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்; தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரக்கூடும். என் கணக்கை ஒப்படைத்துவிட்டேன்.