காலிக் குழாயிலும் அதே பீக்

கோள் அறிவியலில் முதுநிலை சேரலாமா, பூமிக்கு வெளியே உயிர் தேடும் படிப்பில் உண்மையில் என்னதான் வேலை இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு காலிக் கண்ணாடிக் குழாயைப் பற்றித்தான்.

நான் வேதியியல் முடித்துவிட்டு வந்தவள். வகுப்பில் ஒருவர் நிலவியல், ஒருவர் இயற்பியல், இன்னொருவர் நுண்ணுயிரியல். முதல் பருவத்தில் ஆளுக்கொரு பாடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். எனக்கு அது பாறைகள். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த கல்லை நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினால் ஒலிவின் என்ற கனிமம் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும், பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது ஒலிவின்தான் என்று தயங்காமல் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. சரி, அதெல்லாம் பழகிவிடும்.

ஆய்வேட்டுக்கு எனக்குக் கிடைத்தது கார்பன் செறிந்த ஒரு விண்கல்லின் பொடி, அரை கிராம்கூட இல்லை. அதில் புரதங்களைக் கட்டும் மூலக்கூறு வகையான அமினோ அமிலங்கள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் எண்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்திருக்கின்றன என்பதால் இது புதிய வழி இல்லை, ஆனால் பொறுமை வேண்டிய வழி. கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் சுற்றி 500 டிகிரி உலையில் இரவு முழுக்கச் சுட வேண்டும், ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எரிந்து போவதற்காக. அப்புறம் பொடியைத் தண்ணீரோடு குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடி, 100 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, வடித்த சாற்றை அமில ஆவியில் சிதைத்து, பிறகுதான் கருவியில் ஏற்றுவது. கூடவே கல்லே போடாத ஒரு குழாயையும் இதே எல்லாப் படிகளிலும் கொண்டுபோக வேண்டும். அதுதான் பிளாங்க்; அதில் ஏதாவது தெரிந்தால் அது கல்லிலிருந்து வந்ததில்லை, வெளியிலிருந்து ஒட்டிய மாசு.

முதல் ஓட்டம் முடிந்தபோது லேபில் நான் மட்டும்தான். திரையில் ஓடும் கோட்டில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒரு மேடாக, அதாவது பீக்காக, எழுந்தது, அதைவிட உயரமாகச் செரின் என்ற இன்னொன்று எழுந்தது. பூமி உருவாவதற்கு முன்பே சேர்ந்த ஒரு கல்லுக்குள்ளிருந்து இது வருகிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, இரவு தூக்கமே வரவில்லை. காலையில் கைடு மேடத்திடம் மடிக்கணினியோடு ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "பிளாங்க் எப்படி இருக்கு?" என்றார்.

பிளாங்க் வரிசையில் கடைசியாக ஓடி முடிந்திருந்தது, நான் இன்னும் திறக்கவில்லை. அவர் முன்னாலேயே திறந்தேன். அதே இடத்தில் அதே செரின், அதே கிளைசின், உயரம்கூட ஏறக்குறைய அதே. மேடம் சத்தம் போடவில்லை. விரல் வியர்வையில் முதலில் நிற்கும் அமினோ அமிலம் செரின்தான் என்று சொல்லிவிட்டு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை (எல்), வலக்கை (டி) வடிவங்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். செரின் அத்தனையும் எல் வடிவம். உயிர்கள் புரதத்துக்கு எடுப்பது அந்த ஒரு வடிவத்தைத்தான். உயிர் தொடாத வேதியியலில் பிறந்தது என்றால் டி வடிவமும் ஏறக்குறைய சரிபாதி இருந்திருக்கும். நான் பார்த்தது மனிதக் கை, அதுவும் அனேகமாக என் கை. கையுறையோடு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்த பழக்கம் எனக்கு உண்டு.

அன்றைக்கு நான் அழுதேன். என் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டார்டஸ்ட் கதையைச் சொன்னார். வைல்டு 2 வால்மீனின் துகள்களை அந்த விண்கலம் 2006-இல் கொண்டுவந்தபோது, முதலில் கண்ணில் பட்ட அமினோ அமிலத்தில் பெரும்பங்கு, கையாளும்போது பயன்படுத்திய நைலான் பைகளிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு கார்பன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை, அளந்து, 2009-இல்தான் கிளைசின் வால்மீனுடையது என்று உறுதியானது. ரியூகு குறுங்கோளின் துகள் ஒன்றில் இழை இழையாக நுண்ணுயிர்கள் வளர்ந்தன, அவையும் பூமியிலிருந்து ஒட்டியவைதான்.

ஆனால் எதைப் பார்த்தாலும் மாசு என்று தள்ளிவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. 1976-இல் வைக்கிங் விண்கலம் செவ்வாய் மண்ணைச் சூடாக்கியபோது வந்த குளோரின் கலந்த சிறு கரிமச் சேர்மங்களை, கருவியைத் துடைத்த கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற குளோரின் கொண்ட உப்பு இருப்பதைக் கண்டது. 2010-இல் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட் கலந்து சூடாக்கிப் பார்த்தார்கள், அதே வகைச் சேர்மங்கள் வந்தன. செவ்வாயின் கரிமப் பொருளே அன்று எரிந்து அப்படி வெளிப்பட்டிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் பிளாங்க்கை ஒரு சடங்காக ஓட்டாதீர்கள், அதையும் கல்லைப் படிப்பது போலவே உட்கார்ந்து படியுங்கள்.

நான் மறுபடி தொடங்கினேன். மூன்று மாதம், மிச்சமிருந்த பொடியில் பாதி. கையுறையை ஒவ்வொரு படியிலும் மாற்றினேன், முகத்தைத் தொடவே இல்லை. இந்த முறை பிளாங்க்கைத்தான் முதலில் ஏற்றினேன், கோடு கிட்டத்தட்ட தட்டையாக ஓடியது. கல்லின் சாற்றில் செரின் அடங்கிப்போயிருந்தது. கொஞ்சம் தள்ளி, ஆல்ஃபா அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பீக். பூமியின் உயிர்களில் அது அரிது, மர்ச்சிசன் போன்ற கற்களில் தாராளம். இது உயிரின் தடயம் இல்லை, உயிருக்கு முந்தைய வேதியியல், அவ்வளவுதான். ஆனால் இது என் கையிலிருந்து வரவில்லை.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. பிளாங்க்கை இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். அப்புறம் இரண்டு படங்களையும் அச்செடுத்து மேடத்தின் மேசையில் வைத்தேன், பிளாங்க்கை மேலே, கல்லைக் கீழே. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.