ஃப்ரீட்மென்ஸ் பீரோ ஆவணங்கள்: 2016-இல் வேலை முடிந்துவிட்டதா?

ஏட்டுச்சுவடி: "ஃப்ரீட்மென்ஸ் பீரோ ஆவணப் பணி 2016-இலேயே முடிந்துவிட்டது, அவற்றைப் படியெடுக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தன்னார்வலர்கள் அரைத்த மாவையே அரைக்கிறார்கள்" என்று கரிசல்காடு வேறோர் இழையில் எழுதியிருப்பதைப் பார்த்து எரிச்சலடைந்தேன். 2015 ஜூன் 19 அன்று குடும்ப வரலாறு தேடும் அமைப்பான ஃபேமிலிசர்ச் தொடங்கி மறு ஆண்டில் முடித்தது பெயர் அட்டவணையை மட்டுமே. அமெரிக்காவில் விடுதலையான அடிமைகளுக்காக 1865-இல் அமைக்கப்பட்டு 1872-இல் மூடப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்னும் அந்தப் பணியகத்தின் கூலி ஒப்பந்தங்களும், திருமணப் பதிவுகளும், வன்முறை குறித்த முறையீடுகளும் வரிக்கு வரி படியெடுக்கப்பட வேண்டியவை.

கரிசல்காடு: 25,000-க்கும் மேற்பட்டோர் உழைத்துச் சுமார் 18 லட்சம் பெயர்களைத் தேடக் கிடைக்கச் செய்ததை "மட்டுமே" என்று தள்ளுகிறீர்கள். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றுதான் பெரும்பாலும் பதிந்தார்கள். விடுதலையானவர்கள் பெயரோடு பதிவான 1870 கணக்கெடுப்புக்கு முந்தைய மூதாதையரைத் தேடும் குடும்பத்துக்குத் தேவை பெயர். அது கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது.

ஏட்டுச்சுவடி: முடியவில்லை. ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தால் போதுமா? அவர் எந்தப் பண்ணையில் என்ன கூலிக்கு ஒப்பந்தம் செய்தார், கூலி மறுக்கப்பட்டபோது யார்மீது முறையிட்டார் என்பதை அட்டவணை சொல்லுமா? ஸ்மித்சோனியனில் ஒருவர் படியெடுத்ததை இன்னொருவர் சரிபார்ப்பது பொழுதுபோக்குக்காக அன்று.

தென்பொருநை: இருவரும் ஊதியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையே. கூலி மறுக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் கூலியில்லாமல் படியெடுக்கச் சொல்வது சரியா?

ஏட்டுச்சுவடி: ஒவ்வோர் இழையிலும் இதே கேள்வியோடு குறுக்கே வருகிறீர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ் தம் பிறந்தநாளாகத் தாமே தேர்ந்துகொண்ட பிப்ரவரி 14-இல் ஆண்டுதோறும் மக்கள் கூடிப் படியெடுக்கிறார்கள். 2020-இல் கறுப்பினக் கல்வியாளர் அன்னா ஜூலியா கூப்பரின் தாள்களையும், 2023-இல் கறுப்பினப் பத்திரிகையாளர் மேரி ஆன் ஷாட் கேரியின் தாள்களையும் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் முன்னோரின் சொற்களைக் காக்க விரும்பி வருபவர்களைச் சுரண்டப்படுபவர்கள் என்று நீங்கள் எப்படி முடிவுகட்டலாம்?

தென்பொருநை: விருப்பம் இருப்பதாலேயே ஊதியம் வேண்டாம் என்றாகிவிடாது. இந்தப் பதிலைத்தான் போன முறையும் தந்தீர்கள்.

கரிசல்காடு: டக்ளஸ் நாளை இழுத்துப் பேச்சை மாற்ற வேண்டாம். நான் பேசியது பீரோ ஆவணங்களை. 2016-இல் முடிந்ததா, இல்லையா?

ஏட்டுச்சுவடி: அட்டவணை முடிந்தது, ஆவணம் முடியவில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதையே எழுதுவேன். ஒரே ஒரு முறையீட்டையாவது முழுதாகப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

கரிசல்காடு: படித்ததால்தான் சொல்கிறேன். பெயரில்லாமல் எந்த முறையீட்டை, எங்கே போய்த் தேடியிருப்பீர்கள்?