உரக்கடையில் புத்தக அலமாரி: என்னென்ன வைக்கலாம், நீங்கள் எப்போது படிக்கிறீர்கள்?

உரக்கடைக்காரன் (மன்னார்குடிப் பக்கம்):

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் உரம், விதை, பூச்சிமருந்து விற்கிறேன். ஜூன் 12 அன்று சொன்னபடி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் குறுவை நெல்லுக்கு ஆள் மொய்க்கும், தலை சொறிய நேரமிருக்காது. சம்பா, தாளடி எல்லாம் அறுத்து மாசி பங்குனி வந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். என் படிப்பெல்லாம் அப்போதுதான்.

இந்த முறை தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ எடுத்தேன், மறுவாசிப்பு. ஜானகிராமன் நம்ம பக்கத்து ஆள், தேவங்குடியில் பிறந்தவர். கல்லாவில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பாக்கி கொடுக்க வந்த ஒருவர் “என்ன, கணக்கு நோட்டா?” என்றார். கதை என்றதும் பொட்டாஷ் மூட்டைமேல் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தவர், போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டார். பாக்கியைக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். புத்தகம் திரும்பி வந்தபோது நடுவில் ஒரு நீல அட்டை இருந்தது. சான்று விதை மூட்டையில் வைத்துத் தைத்திருப்பார்களே, அதேதான். பக்க அடையாளமாம். கதாநாயகன் அப்பு வேத பாடசாலையை விட்டு மதராஸ் கிளம்புகிற இடத்தில் செருகியிருந்தார். “இந்த மாதிரி இன்னும் இருக்கா?” என்று வேறு கேட்டார்.

அதிலிருந்து கடையில் ஓர் அலமாரி வைக்கலாமா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆட்கள் கையில் எடுத்தால் கீழே வைக்காத மாதிரி என்னென்ன வைக்கலாம்? அப்புறம், என்னைப் போல ஈ ஓட்டும் காலம் வாய்க்காதவர்கள் எந்த நேரத்தில்தான் படிக்கிறீர்கள்?

பஸ் டீச்சர் (கும்பகோணம்):

அண்ணா, மாசி பங்குனி உங்களுக்குத்தான் ஓய்வு. வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூழ் வடகம், மோர் மிளகாய், வருஷத்துப் புளி என்று மொட்டைமாடியை விட்டு இறங்க முடியாது. காக்காய் ஓட்டிக்கொண்டே படித்துப் பார்த்தேன், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்ததுதான் மிச்சம்.

நான் படிப்பதெல்லாம் மன்னார்குடி பஸ்ஸில். வலங்கைமானில் உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து புத்தகம் வெளியே வரும். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் பஸ்ஸே புலம்பும், எனக்கு மட்டும் கொண்டாட்டம். கு.ப.ராஜகோபாலன் கதை ஒன்று கேட் திறப்பதற்குள் முடிந்துவிடும். சின்னக் கதைகள்தான், சத்தமே போடாது. ஆனால் இறங்கி நடக்கும்போது கூடவே வரும். அவரும் கும்பகோணத்துக்காரர்தான்.

அலமாரிக்கு எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ வாங்குங்கள். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கை. ஜரிகை வியாபாரம் செய்தவர் என்பதால் கூலி, கடன், முதலாளி வீட்டு வாசலில் நிற்பது எல்லாம் உள்ளிருந்து எழுதியது. பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும்!

கடைமடை (திருத்துறைப்பூண்டிப் பக்கம்):

டீச்சர் சொல்கிற மாதிரி துண்டு துண்டாகப் படிக்க எனக்கு வராது. சிறுகதையில் ஆட்களோடு பழகுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. தடியாக வேண்டும்.

எனக்கு நேரம் கிடைப்பது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில். நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் கிடக்கணும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே காட்டினால் மறுபடி பரப்பு, காயவை, கூட்டிக் குவி. ராத்திரி பனிக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு அதன் ஓரத்திலேயே படுத்துக்கொண்டு, போனில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் முடித்தேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே, அங்கே நுரையும் சுழியுமாகத் தண்ணீர் வருவதைப் படித்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். எங்கள் வாய்க்காலுக்கு ஆடி முடிந்தும் எட்டிப் பார்க்காத வருஷமெல்லாம் உண்டு.

இன்னொன்று. கூலிச் சண்டையில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணி எங்கள் பக்கம், 1968 டிசம்பர் 25. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஆனால் கூலிச் சண்டையைப் பண்ணையாரின் ஆண்மைக் குறையாகச் சுருக்கிவிட்டார் என்கிற கோபம் இன்னும் இருக்கிறது, எனக்கும் உண்டு. பக்கத்திலேயே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலையும் வையுங்கள். இரண்டையும் படித்தவர்கள் உங்கள் கடையில் சண்டை போடுவார்கள். போடட்டும்.

பழைய நூலகர் (மயிலாடுதுறை):

தம்பி, உங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இது புதிதில்லை. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டியிருக்கிறார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் வண்டியை வடிவமைத்தார். தொடங்கிவைத்தவர் எங்கள் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதி வகுத்தாரே, அவரேதான். படிக்கிறவன் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் ஒன்று. புத்தகம் ஆளைத் தேடிப் போகணும், அவ்வளவுதான். வண்டி போன இடத்துக்கு மூட்டை வாங்க வருகிறவன் பையில் போனால் என்ன?

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அந்தப் பக்கமே புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மருந்து டப்பா இருக்கும் அறையும் வேண்டாம், பிள்ளைகளும் தொடுகிற பொருள். அப்புறம், திரும்பி வராத புத்தகத்தைக் கேட்டு யார் வீட்டு வாசலுக்கும் போகாதீர்கள். தொலைந்த புத்தகத்துக்கு மேலதிகாரி கணக்குக் கேட்பார் என்கிற பயம் எங்களுக்கு இருந்தது, உங்களுக்கு அது இல்லை.

உரக்கடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், வடகம் விஷயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன், “யார் அந்தப் பொண்ணு, சரியா சொல்லியிருக்கா” என்று பதில் வந்தது. இப்போது புளி ஆய்வது என் பொறுப்பு.

ஆசாரியிடம் அலமாரிக்குச் சொல்லிவிட்டேன். வாசல் பக்கம், விதை மூட்டைக்கு எதிர்ச்சுவர். நீங்கள் சொன்னதோடு ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலும் வைக்கிறேன். அவரும் எழுத்தாளர் சிட்டியும் காவிரி ஆற்றோடு பயணம் போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ யாரிடமாவது கூடுதல் பிரதி இருக்கிறதா? பழசானாலும் பரவாயில்லை, நான் அட்டை போட்டுக்கொள்கிறேன்.