போராட்டத்தைத் தடுக்க வந்தார்கள், கையெழுத்து யாருடையது? வன்னி உறவுகள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குளத்தடியான்

போன கிழமை பழைய பைல் ஒன்றைத் தேடும்போது 2018ஆம் ஆண்டு றன்னிங் சாட் (வாகன ஓட்டப் பதிவு) ஒன்றின் போட்டோப் பிரதி கையில் அகப்பட்டது. அன்று தொடங்கி அதே நினைவுதான்.

அப்போது நான் ஒரு பிரதேச சபையில் கிளாக்கர். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தல் முடிந்து, மூன்று வருடம் செயலாளரே நடத்திவந்த சபைக்குத் தவிசாளர் என்று ஒருவர் வந்து அமர்ந்த காலம். ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விடச் சொல்லி முகாம் வாசலுக்கு எதிரே சனம் தறப்பாள் கட்டியிருந்த கதை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் காலையில் எங்கள் பவுசர் தண்ணீர் கொண்டுபோகும்.

ஒருநாள் பின்னேரம் முகாமிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கூடவே தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. வரும்போது ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்தார். "அது அரசியல் போராட்டம், பவுசர் அரசாங்கச் சொத்து, நிற்பாட்டுங்கள்" என்பதுதான் கதை. தவிசாளர், "தண்ணிக்கு என்ன கட்சி ஐயா?" என்றார். சிப்பாய் அதை மொழிபெயர்க்கவில்லை, சிரித்தான். அதிகாரி என் பக்கம் திரும்பி வாகனப் புத்தகத்தைக் கேட்டார். நான் தவிசாளரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இதுதான் என்னைத் தின்கிறது. போன் எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார். அவருடைய பெருவிரல் என் கையெழுத்தின் மேல் இருந்தது. நகம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. "போராட்டக் கொட்டில், 1 தடவை" என்று நான் எழுதியிருந்த வரியை இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

மறுநாள் காலை தவிசாளர் வந்ததும், "தம்பி, இனிமேல் இடம் என்ற பகுதியில் ஆமி முகாம் வாசல் எண்டு எழுதும். பொய் இல்லைத்தானே" என்றார். ஒன்பது நாள் அப்படியே எழுதினேன். டிரைவர் ஒவ்வொரு நாளும் அதை வாசித்து வயிறு பிடித்துச் சிரிப்பார். பத்தாம் நாள் ஒரு மேலதிகாரி, ஆமி இல்லை, எங்கள் ஆள், தமிழர், போன் எடுத்து டீசல் கணக்கில் கேள்வி இருக்கிறது என்றார். பவுசர் நின்றது. எழுத்தில் ஒரு தடையும் இல்லை. அந்தப் புத்தகத்தைக் காணவில்லை என்று அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால்?

சரி, உங்கள் கதைகளை எழுதுங்கள்.


முறிகண்டிக் கச்சான்

எனக்கு நீட்டாக எழுத வராது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இருக்கத் தொடங்கியபோது அம்மாவும் போய் இருந்தா. நான் சாப்பாடு கொண்டுபோவேன். யூன் மாதம் ஜனாதிபதி சந்தித்தார், ஆமியிடம் சரணடைந்தவர்களின் பட்டியலைப் பாதுகாப்புச் சபையில் கதைத்து வெளியிடச் சொல்வதாகச் சொன்னார். படைகளுக்கெல்லாம் தலைவர் அவர்தான். பட்டியல் இன்னும் வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. ஒருநாள் சிவில் உடுப்போடு ஒருவன் படம் எடுத்துக்கொண்டு நின்றான். தலைமயிர் வெட்டே சொல்லிவிடும், வேறு விளக்கம் வேண்டாம். மத்தியான வெயில். அம்மா கூப்பிட்டு ஒரு பிளேன்ரீ கொடுத்தா. குடித்துவிட்டு, கொப்பி எடுத்து, "அம்மா பேர் என்ன?" என்றான். அம்மா அண்ணாவின் முழுப் பெயரையும் சொன்னா. அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினான். ஆம்பிளைப் பெயர் என்றும் அவனுக்கு விளங்கவில்லை.

நான் ஏசினேன், ஏன் அம்மா இப்படி என்று. "அவங்கட கொப்பியில எங்கயாவது அந்தப் பேர் இருக்கட்டும்" என்றா. அம்மா இப்போது இல்லை.


பரந்தன் சந்தி

குளத்தடியான், கோபிக்க வேண்டாம், உங்கள் தவிசாளர் யன்னலைப் பார்த்தார் என்பதிலேயே கதை முடிந்துவிட்டது. வாக்குக் கேட்கும்போது மைக்கில் கத்துகிறார்கள், ஒரு அதிகாரி பிஸ்கட்டோடு வந்தால் யன்னலில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். மற்ற ஆட்களைச் சொல்லித் தப்பக் கூடாது.

ஆனாலும் ஒன்று. அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு மட்டும் என்ன நடந்தது? 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு வாக்குப் போட்டோம், விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சரானார். அவருக்கு மேலே ஆளுநராக யார்? முன்பு யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. சிவில் ஆள் ஒருவரை நியமியுங்கள் என்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2015 சனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் இராஜதந்திரியாக இருந்த பலிஹக்கார வந்தார். ஒரு மாகாணத்துக்கே அந்த நிலை என்றால் பவுசருக்கு என்ன நிலை?

என் அனுபவம் 2014 மே. ஒரு மாகாண சபை உறுப்பினரின் வானில் நானும் போனேன், போரில் செத்தவர்களுக்கு விளக்குக் கொளுத்த. வழியில் தடி போட்டு மறித்தார்கள். இருபது வயதும் இராத ஒரு பொடியன். உறுப்பினர் அடையாள அட்டையை நீட்டினார். அவன் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான், சிங்களத்தில் உறுப்பினர் ஐயா என்ற அர்த்தத்தில் "மந்திரித்துமா" என்றான். தடியைத் தூக்கவில்லை. நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். நடுவில் ஒருக்கால் தண்ணீர்ப் போத்தலும் தந்தான், திரும்பவும் சல்யூட். மரியாதைக்குக் குறைவே இல்லை!


மொட்டைக்கறுப்பன்

இரண்டு பேரும் விஷயத்தை விட்டுவிட்டு உணர்ச்சியில் நிற்கிறீர்கள். நான் நீதிமன்றப் பக்கம் மொழிபெயர்ப்பு வேலை செய்தவன், சட்டத்தரணி இல்லை. என் கதை இரண்டு வரி. ஒரு வருடம் நவம்பர் மாதம் ஒரு வீட்டுக்கு நினைவேந்தல் தடை உத்தரவு கொடுக்கப் பொலிஸோடு போனேன். உத்தரவில் இருந்த பெயர்க்காரர் செத்து எட்டு மாதம். மனுசி உள்ளே போய் மாலை போட்ட படத்தைத் தூக்கிவந்து, "இவரிட்டக் குடுங்கோ" என்று பொலிஸுக்கு முன்னால் பிடித்தா. அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இனி, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆமி வந்து "தடை" என்று சொன்னால் அது தடை இல்லை. பொலிஸ் பெரும்பாலும் போவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவுக்கு. பொதுத் தொல்லை ஏற்படும், குழப்பம் வரும் என்று சொல்லி நீதவானிடம் உத்தரவு எடுப்பார்கள். அவசரம் என்றால் மற்றப் பக்கத்தைக் கேட்காமலே எடுக்கலாம், அதனால்தான் முதல்நாள் பின்னேரம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வாங்கமாட்டேன் என்று கதவைச் சாத்துவது வீரமில்லை, மடைத்தனம். வாங்குங்கள். யாருடைய பெயர், எந்த இடம், எத்தனையாம் திகதி வரை என்று வாசியுங்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். பெயர் இல்லாதவரைச் சும்மா மறிக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு சட்டத்தரணியைப் பிடித்து, அதே நீதிமன்றத்திலேயே அதை மாற்றவோ நீக்கவோ மனுப் போடலாம். நீதவான்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவதில்லை, மறுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆமி எந்த உரிமையில் வருகிறது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2011இல் அவசரகாலச் சட்டம் போனபிறகும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ், பொது அமைதியைக் காக்கப் படைகளை அழைக்கிறேன் என்று ஜனாதிபதி வர்த்தமானி போட்டார். பல காலம் மாதாமாதம் அது புதுப்பிக்கப்பட்டது. அதாவது சிவில் கையெழுத்தில்தான் ஆமி றோட்டுக்கு வருகிறது. இதை விளங்காமல் வாசலில் நிற்கும் பொடியனோடு சண்டை பிடித்து என்ன பயன்? குளத்தடியானுக்கும் சொல்கிறேன்: புத்தகத்தைக் கேட்டால், "எழுத்தில் கோரிக்கை தாருங்கள், செயலாளர் அனுமதித்தால் தருகிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு கடிதம் எழுத அவர்கள் நூறு தரம் யோசிப்பார்கள். அடுத்த தரம் ஞாபகம் வைத்திருங்கள்.


பரந்தன் சந்தி

அடுத்த தரமாம்! மனுசன் பென்சன் எடுத்துவிட்டார் ஐயா.

106, 12 எல்லாம் சரி. 2021 மே மாதத்தையும் உங்கள் சட்டப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் நடுவதற்குக் கொண்டுவந்த நினைவுக்கல் ஒரே இரவில் காணாமல் போனது. பிறகு 17ஆம் திகதி முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு மூன்று பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தல், கொரோனா. விடிந்தால் 18, நினைவு நாள். அறிவித்தது சுகாதார அமைச்சரா? இல்லை. கொவிட் தடுப்பு மையத்துக்கு அப்போது தலைவர் இராணுவத் தளபதி. அங்கே எந்த நீதவானிடம் மனுப் போடுவது? அதே வருடம் பெப்ரவரியில் பொத்துவில் தொடங்கிப் பொலிகண்டி வரை பேரணியாக நடந்தோமே, வழி நெடுகப் பொலிஸ் தடை உத்தரவோடுதான் நின்றது. அப்போது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, பாதுகாப்புச் செயலாளர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. சிவில் கையெழுத்தாம்.


வாசலில் வேம்பு

அண்ணைமார் சண்டையை ஒரு பக்கம் வையுங்கோ.

நான் முன்பள்ளி ஆசிரியை. சம்பளம் தந்தது மாகாணக் கல்வி இல்லை, படையோடு சேர்ந்த ஒரு பகுதி. மாகாணம் கொடுத்ததைவிடப் பல மடங்கு. ஏன் போனாய் என்று கேட்கிறவர்கள் என் வீட்டுக் கடனையும் சேர்த்துக் கேளுங்கள். மாகாண சபைக்காரர் எங்களைத் தங்களோடு சேர் என்று கேட்டார்கள், மற்றப் பக்கம் விடவில்லை. நடுவில் நாங்களும் பிள்ளைகளும்.

அம்மா காணிப் போராட்டத்தில் இருந்தா. எங்களுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒருவரும் எழுதித் தரவில்லை. கடையடைப்பு நாளில் மட்டும் கையெழுத்துப் புத்தகத்தைப் பின்னேரமும் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் ஏதோ நிகழ்வுக்கு எங்கள் எல்லோரையும் ஒரே நிற ரீசேட்டோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் அந்தத் தறப்பாளைக் கடந்து முகாமுக்குள் திரும்பியது. நான் யன்னல் கரை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்தா. பக்கத்தில் இருந்த மாமியிடம் என்னைக் காட்டவில்லை. திரும்பவும் உரித்தா. இரவு வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, இன்றுவரை இல்லை.

2018இல் விசுவமடுவில் ஒரு கேணல் மாற்றலாகிப் போகும்போது சனம் அழுது தோளில் தூக்கியது. அந்தப் படத்தைப் போட்டு எங்களைக் கிழித்தீர்கள். அழுதவர்கள் பொய்யாக அழவில்லை. சம்பளம் தந்த கை போகிறது, வருகிறவன் எப்படியோ என்ற பயம். அதே ஆட்களின் வீட்டில்தான் காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். முறிகண்டிக் கச்சான், உங்கள் அம்மாவை நினைத்துக் கொஞ்ச நேரம் வாசிக்காமல் இருந்தேன்.


கடலட்டை

இரணைதீவு, நேவி நின்ற எங்கள் தீவு. 1992இல் வெளிக்கிட்டோம். 2017 மே முதலாம் திகதி இரணைமாதாநகரில் போராட்டம் தொடங்கினோம். யாரிடம் போனாலும், "எங்களுக்குப் பிரச்சினை இல்லை, அவர்களைக் கேட்க வேணும்". கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) அதே கதை, வந்துபோன பெரியவர்களும் அதே கதை. 2018 ஏப்ரல் 23 வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு வள்ளங்களில் நேரே போய்விட்டோம். நேவி என்ன செய்யும் என்று தெரியாது. கிட்டப் போகப் போக வெளிப்பூட்டு இயந்திரத்தின் சத்தத்தைக் குறைத்தோம், யாரும் சொல்லாமலே எல்லா வள்ளமும் குறைத்தது. கரையில் நின்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பெண்டுகள் நேரே கோயிலுக்கு. எங்கள் பெரியம்மா கோயிலுக்குப் போகவில்லை, தன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து, "தண்ணி கிடக்கு" என்று கத்தினா.

ஒரு வருடம் அனுமதி கேட்டோம், யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. மொட்டைக்கறுப்பன், அதற்கு எத்தனையாம் பிரிவு?


மொட்டைக்கறுப்பன்

அதற்குப் பிரிவு இல்லைத்தான்.


குளத்தடியான்

பரந்தன் சந்தி, தவிசாளரைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன், வேண்டுமென்று இல்லை. பவுசர் நின்ற மறுநாள் நான் வேலைக்கு வரும் வழியில் அவரைக் கண்டேன். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் மஞ்சள் தண்ணீர்க் கான் கட்டி, மூடி சரியாக இறுகாமல் காற்சட்டை முழங்கால் வரை நனைந்து, முகாம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பிறகும் பல நாள் போனார். சொந்த வண்டி, அதற்கு றன்னிங் சாட் கிடையாது. அதனால் என் பைலில் இல்லை.