ஃபுல்ஃபில்மென்ட்: தொக்கு விற்பவர்களுக்கு ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மகளிர் குழுக்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வீட்டில் செய்யும் தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் போன்றவற்றை இணையச் சந்தையில் விற்பது பற்றியது. அமேசான் 2006இல் தொடங்கிய ஃபுல்ஃபில்மென்ட் சேவை போன்றதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. நாம் பெட்டிகளை அவர்கள் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும். ஆர்டர் வந்தால் அவர்களே எடுத்து, கட்டி, அனுப்புவார்கள். "நிறைவேற்றம்" என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "நேர்த்திக்கடனையா நிறைவேத்துறாங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். பக்கத்திலிருந்தவர், "பெட்டி போய்ச் சேர்ந்ததும் காசு வந்துடுமா?" என்றார். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை. கிடங்கில் இருந்தாலும் சரக்கு நம்முடையது, விற்றால்தான் காசு. சொல்லே அதைக் காட்டினால் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நிறைவேற்றம் வேண்டாம் அக்கா. 1978 அரசியலமைப்பிலிருந்து "நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். "களஞ்சியச் சேவை" என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
களஞ்சியம் என்றால் வைத்திருப்பது மட்டும்தான். அனுப்புவது எங்கே? பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்து குவியும் பண்டங்களுக்குப் "புலி பொறித்துப் புறம் போக்கி" என்கிறார் உருத்திரங்கண்ணனார்; புலி முத்திரை குத்தி வெளியே அனுப்புவது. இன்று பெட்டியில் ஒட்டும் பட்டைக்குறி (பார்கோடு) வேறென்ன? பொறித்தல், போக்குதல் இரண்டும் அங்கே இருக்கின்றன. "புறம்போக்ககம்" என்று ஆக்கலாம்.

கோவையிலிருந்து:
ஐயா, புறம்போக்கு என்றதும் பட்டா இல்லாத நிலம்தான் நினைவுக்கு வரும். தொக்கு விற்கப் போகிறவர்களைத் தாசில்தாரிடம் அனுப்ப வேண்டாம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது மண்டி. விவசாயி மூட்டையை இறக்கிவிட்டு வருவார். விற்ற பிறகு கமிஷன் போக மீதி வரும். "இணைய மண்டி" என்றாலே அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:
மண்டியில் விலை ஏலத்தில் முடிவாகிறது. இங்கே விலை வைப்பவர் தொக்கு செய்தவர். அந்த உரிமையைச் சொல் மறைக்கலாமா? தவிர, புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறத்தே விட்ட நிலம் என்ற பொருளில் வந்த நல்ல தமிழ்ச் சொல். அதைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

சென்னையிலிருந்து:
"அனுப்பீடு" எப்படி? ஒதுக்கு + ஈடு ஒதுக்கீடு ஆவதுபோல அனுப்பு + ஈடு. உயிர் வரக் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடும், இலக்கணமும் இடிக்காது. ஈடு என்பது இடு திரிந்த தொழிற்பெயர். சரக்கை இட்டு வைப்பதும் அதில் இருக்கிறது, அனுப்புவதும் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:
ஈடு என்றால் அடமானமும்தான். சரக்கை அடகு வைத்ததாக நினைப்பார்கள்.

மதுரையிலிருந்து:
நேற்று மாலை வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். புறம்போக்ககத்தைக் கண்டதும் ஒருவர் எழுந்து தன் வீட்டுமனைத் தகராற்றைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மண்டி பிடித்திருந்தது, ஆனால் "அப்ப விலை அவங்கதான் வைப்பாங்களா?" என்று கேட்டார்கள். ஐயா சொன்னது சரிதான். அனுப்பீடு என்றதும் அமைதி. அடகு என்று யாரும் நினைக்கவில்லை, எதுவும் நினைக்கவில்லை. அதனால் "அனுப்பீடு" என்று தலைப்பிட்டு, கீழே "நம் சரக்கை அவர்கள் வைத்திருந்து, விற்கும்போது அனுப்பித் தருவது" என்று ஒரு வரி சேர்க்கிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன்: உணவுப் பொருள் வாங்குபவர் கைக்குச் சேரும்போது, ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சமிருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. கிடங்கில் கிடக்கும் நாளும் அந்த ஆயுளில்தான் கழியும். இதற்குச் சொல்லாக்கம் தேவையில்லை, தடித்த எழுத்துப் போதும்.

கோவையிலிருந்து:
சரி, அனுப்பீடே இருக்கட்டும். மண்டியை அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அக்கா, ஒரு சந்தேகம். எண்ணெய் கசிந்து திரும்பி வரும் போத்தலையும் அவர்கள்தானே வாங்கி வைக்கிறார்கள்? அது அனுப்பீட்டில் எப்படி அடங்கும்?