இருட்டில் குறிப்பெடுக்க வழி சொல்லுங்கள்

தூக்கம் பிடிக்கும்போதோ கலையும்போதோ உருவங்களும் குரல்களும் நிஜம்போல வருகிறவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்புத்தாள் தயாராகிறது. 2 வாரம் நிரப்பி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படுத்த நேரம், எழுந்த நேரம், கைகால் அசைந்ததா, மல்லாந்து படுத்திருந்தாரா, மாத்திரை ஏதும் மாறியதா என்ற கட்டங்கள் இருக்கின்றன. மல்லாந்து படுப்பதும் தூக்கக் குறைவும் இப்படி உருவமும் குரலும் வருவதைக் கூட்டும். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கனவு உறக்கம் (கனவுகள் அதிகம் வரும் தூக்க நிலை) அணை உடைத்ததுபோலப் பெருகும். யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தளர்வது இரண்டுக்கும் தனிக் கட்டம்: நார்கோலெப்சி என்ற தூக்க–விழிப்புக் கோளாறைச் சந்தேகிக்க வைப்பவை அவை.

சிக்கல் எழுதுவதில்தான். விளக்கைப் போட்டால் தூக்கம் போய்விடுகிறது. காலைவரை விட்டால், கதவோரம் நின்ற உருவம் கண் திறந்திருந்தபோது தெரிந்ததா, கனவில் வந்ததா என்பதே குழம்பிவிடுகிறது. இந்த ஒரு விஷயம்தான் மருத்துவருக்கு மிக அவசியம்.

நீங்கள் எப்படிக் குறிக்கிறீர்கள்? குரல் பதிவா, மங்கலான சிவப்பு விளக்கா, தலையணையடியில் பென்சிலா? எது எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்றும் சேர்த்து எழுதுங்கள்.