கார்டு இருந்தும் கவுண்டரில் விலை ஏன் மாறுகிறது? அமெரிக்க மருந்து இன்சூரன்ஸ் அனுபவங்கள்

(தொடக்கப் பதிவு)

டிசம்பரில் 15 டாலர் கொடுத்து வாங்கிய இன்ஹேலருக்கு ஜனவரியில் 280 டாலர் கேட்டார்கள். அதே மருந்து, அதே டாக்டர், அதே கார்டு. கவுண்டரில் இருந்தவருக்கும் காரணம் தெரியவில்லை. “உங்க பிளான் அப்படித்தான் சொல்லுது” என்றார். வீட்டுக்கு வந்து பிளான் விவரத்தைப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

எங்கள் கம்பெனி கொடுப்பது ஹை டிடக்டிபிள் பிளான். இதில் டாக்டர் செலவும் மருந்துச் செலவும் ஒரே டிடக்டிபிளில் சேரும். அந்தத் தொகையை நம் கையிலிருந்து கட்டி முடிக்கும் வரை கோபே, அதாவது மருந்து வாங்கும்போது நாம் கட்டும் நிலையான தொகை, என்ற பேச்சே கிடையாது, பிளான் பேசி வைத்திருக்கும் விலை முழுவதும் நம் தலையில்தான். கட்டி முடித்த பிறகுதான் அந்த 15 டாலர். புது வருடம் பிறந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. சில பிளான்களில் மருந்துக்குத் தனி டிடக்டிபிள் உண்டு. சிலவற்றில் அது இல்லாமல் முதல் நாளே கோபே தொடங்கிவிடும்.

அதனால் பிளான் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். தினமும் மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், பார்முலரி என்கிற மருந்துப் பட்டியலைத் திறந்து, அந்த மருந்து எந்த டியரில், அதாவது எந்த விலைப் படியில், இருக்கிறது என்று பாருங்கள். முதல் டியரில் மலிவான ஜெனரிக் மருந்துகள், மேலே போகப் போக பிராண்டு, உச்சியில் ஸ்பெஷாலிட்டி என்கிற விலை உயர்ந்த சிறப்பு மருந்துகள். கீழே பெரும்பாலும் நிலையான கோபே. மேலே கோ-இன்சூரன்ஸ், அதாவது விலையில் ஒரு சதவீதம். பத்து டாலர் மாத்திரையில் 30 சதவீதம் உறைக்காது. ஐயாயிரம் டாலர் ஊசியில் உறைக்கும்.

எச்.எஸ்.ஏ. என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் இருந்ததால் அந்த மாதத்தைச் சமாளித்தேன். “இன்சூரன்ஸ் இந்த மருந்தை ஏற்கவில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

(மறுமொழி)

நான் பார்மசி டெக்னீஷியன். கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்சூரன்ஸில் வாங்கும்போது நீங்கள் கட்டும் தொகையை முடிவு செய்வது நாங்கள் இல்லை. கார்டில் ஆர்எக்ஸ் பின் என்று ஆறு இலக்க எண்ணும், பக்கத்தில் பி.சி.என்., குரூப் எண்களும் இருக்கும். அவற்றைப் போட்டு கிளெய்ம் அனுப்பினால் சில விநாடிகளில் பதில் வந்துவிடும். பதில் சொல்வது பெரும்பாலும் பி.பி.எம். என்கிற இடைநிலை நிறுவனம். சி.வி.எஸ். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் மூன்றும் சேர்ந்து நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. மருந்துக் கம்பெனியிடம் ரிபேட் (பின்னால் திருப்பித் தரும் தள்ளுபடி) பேரம் பேசுவதும், எந்த மருந்து எந்த டியரில் என்பதைப் பெரும்பாலும் வகுப்பதும் இவர்கள்தான்.

கிளெய்ம் திரும்பினால் “கவர் ஆகல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம், வரிசை நீண்டிருந்தால் நானும்தான். ஆனால் எங்கள் திரையில் ஒரு எண் தெரியும். அதைக் கேட்டு வாங்குங்கள். 70 என்றால் மருந்து பட்டியலில் இல்லை: அதே வகையில் பட்டியலிலுள்ள வேறு மருந்தை டாக்டர் எழுத முடியுமா என்று கேட்க வேண்டும், முடியாவிட்டால் விதிவிலக்கு கோர வேண்டும். 75 என்றால் முன் அனுமதி தேவை: இந்த மருந்து ஏன் வேண்டும் என்று டாக்டர் பிளானுக்கு எழுத வேண்டும். நாங்கள் அனுப்பும் ஃபேக்ஸ் டாக்டர் ஆபீஸில் ஏதோ ஒரு தட்டில் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்களே போன் செய்தால்தான் நகரும். 76 அளவு வரம்பு மீறல். 79 என்றால் முந்தைய மருந்து தீர்வதற்குள் ரீஃபில் கேட்டிருக்கிறீர்கள். எண் தெரியாமல் டாக்டர், இன்சூரன்ஸ், பார்மசி என்று மூன்று பேருக்கும் மாறி மாறிப் போன் செய்து நொந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

கார்டு இல்லாமல் ரொக்க விலை என்ன என்றும் கேளுங்கள். சாதாரண ஜெனரிக்குகளில் அது கோபேயைவிடக் குறைவாக இருப்பது உண்டு. அதைப் பார்மசிஸ்ட் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் வாயைக் கட்டும் வழக்கம் இருந்தது. 2018இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். ஒரு விஷயம், அப்படிக் கட்டிய பணம் தானாக டிடக்டிபிளில் சேராது.

தொடக்கப் பதிவு போட்டவருக்கு: இன்சுலின், ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் போன்ற சிலவற்றுக்கு டிடக்டிபிள் முடியும் முன்பே பணம் தர ஹை டிடக்டிபிள் பிளான்களுக்கு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2019இல் அனுமதி கொடுத்தது. கட்டாயம் இல்லை, உங்கள் பிளான் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஹேலர் தயாரிக்கும் சில கம்பெனிகள் 2024 முதல் மாதம் 35 டாலர் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன.

(மறுமொழி)

எனக்கு முடக்குவாதம். டாக்டர் ஊசி எழுதினார். பிளானோ, முதலில் மலிவான மாத்திரையைச் சாப்பிட்டுப் பார், அது கேட்காவிட்டால் ஊசி என்றது. இதற்கு ஸ்டெப் தெரபி என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அந்த மாத்திரையை நான் முன்பே சாப்பிட்டுப் பலனில்லாமல் விட்டிருந்தேன். வேலை மாறி இன்சூரன்ஸும் மாறியதால் புது பிளானுக்கு அது தெரியாது. பழைய பார்மசியில் மருந்து வாங்கிய விவரத்தை அச்செடுத்து டாக்டரின் கடிதத்தோடு அனுப்பிய பிறகுதான் ஒப்புதல் வந்தது. அதற்கும் காலாவதி உண்டு, முடிவதற்கு முன் புதுப்பிக்கச் சொல்லி டாக்டர் ஆபீஸை நாம்தான் துரத்த வேண்டும். அப்பீலிலும் மறுத்துவிட்டால், இம்மாதிரி மருத்துவக் காரணம் சொல்லும் மறுப்புகளுக்கு வெளியார் மதிப்பாய்வு கேட்கும் உரிமை பெரும்பாலான பிளான்களில் உண்டு.

நம் கோபேயில் ஒரு பகுதியைக் கட்ட மருந்துக் கம்பெனி தரும் கோபே கார்டில் ஒரு கண்ணி இருக்கிறது. சில பிளான்கள் அந்தக் கார்டு கட்டிய பணத்தை நம் டிடக்டிபிளில் சேர்ப்பதில்லை. கார்டில் உள்ள தொகை நடு வருடத்தில் தீர்ந்ததும், டிடக்டிபிள் முழுசாக அப்படியே நிற்கும். அக்யுமுலேட்டர் என்று பிளான் விவரத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

(மறுமொழி)

பெற்றோரை இங்கே அழைத்து வைத்திருப்பவர்களுக்காக. கிரீன் கார்டில் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்த, 65 வயது நிரம்பியவர்கள் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டைப் பணம் கட்டி வாங்கலாம். அதில் மருந்துக்கான பகுதி பார்ட் டி, 2006இல் தொடங்கியது, தனியார் கம்பெனிகள் நடத்துவது. அப்பாவுக்குச் சேர்த்தபோது, “நான் மாத்திரையே சாப்பிடறதில்லை, எதுக்கு தண்டம்?” என்றார். முதலில் சேருவதற்கான அவகாசம் முடிந்த பிறகு வேறு தகுந்த மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டுப் பின்னால் சேர்ந்தால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம், பெரும்பாலும் பிளான் இருக்கும் வரை கூடவே வரும். இதைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்குப் பிறகு பார்ட் டி நிறையவே தேறிவிட்டது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு நாம் வருடத்தில் கட்டும் தொகைக்கு 2025இல் 2,000 டாலர் உச்சவரம்பு வந்தது, 2026க்கு 2,100. பிரீமியம் இதில் சேராது. ஒரு மருந்து பட்டியலிலேயே இல்லை என்றால் இந்த உச்சவரம்பும் உதவாது. பட்டியல் வருடா வருடம் மாறும் என்பதால், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் தளத்தில் மருந்துப் பெயர்களைப் போட்டுப் பிளான்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முந்தைய பதிவில் சொன்ன கோபே கார்டு மெடிகேரோடு செல்லாது. ஒன்றும் புரியவில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது.

(தொடக்கப் பதிவு போட்டவர்)

பார்மசி அக்கா, ஊருக்கு ஒன்றரை மாதம் போகிறோம். இன்ஹேலர் ரீஃபில் அதற்குள் வராது. அந்த 79தான் வரும் போலிருக்கிறது. என்ன செய்ய?

(மறுமொழி)

அதற்கு வெகேஷன் ஓவர்ரைடு என்று, பயணத்துக்காக முன்கூட்டியே ரீஃபில் தரும் விலக்கு ஒன்று பல பிளான்களில் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து பயணத் தேதியைச் சொல்லுங்கள், சிலர் டிக்கெட் நகல் கேட்பார்கள். சீட்டில் ரீஃபில் மிச்சம் இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் இப்போதே வாங்கிவிடுங்கள். வீட்டில் யாராவது ஏ.டி.எச்.டி. மாத்திரை மாதிரி கட்டுப்பாட்டு மருந்து சாப்பிட்டால் இது சுலபத்தில் நடக்காது, அதற்கு டாக்டரிடம் தனியாகப் பேசியாக வேண்டும்.